கருங்கண்மாயின் நாலு மணி

கருங்கண்மாய் என்ற ஊரில், பங்குனி பத்தொன்பதாம் நாள், பூரணம் தன் படப்பெட்டியின் கைப்பிடியைக் கடைசிச் சுற்றுச் சுற்றி நிறுத்தியதோடு நாலு மணி காணாமல் போனது. இடி விழவில்லை, காகம் கரையவில்லை, கண்மாய்த் தண்ணீரில் ஒரு வளையம்கூட எழவில்லை. மறுநாள் மூன்று ஐம்பத்தொன்பது வரைக்கும் வெயில் வழக்கம்போல வெள்ளை வெளேரென்று கூரைகளின் மேல் நின்றது; அடுத்த நொடி மணி ஐந்தாகி, பனைகளின் நிழல் கண்மாயைக் கடந்து அக்கரையில் போய்ப் படுத்துக் கிடந்தது. நடுவில் இருக்கவேண்டிய ஒரு மணி நேரம், பல் விழுந்த இடம்போல, இல்லை.

பூரணம் அந்த ஊர்க்காரி அல்ல. பதினான்கு வயசிலிருந்து நாடகக் கம்பெனியில் மீசை ஒட்டிக்கொண்டு ராஜபார்ட் ஆடியவள், தஞ்சாவூரிலிருந்து யாழ்ப்பாணம் வரைக்கும் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ ராஜாக்களாக நின்று பாடியவள். முப்பதாவது வயசில் தொண்டையில் வந்த புண் ஆறிப் போகும்போது குரலையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது காய்ந்த ஓலை உரசுவது போன்ற ஒரு கரகரப்பு. அதை வைத்துக்கொண்டு கடையில் உப்புப் புளி வாங்கலாம், ராஜ்யம் ஆள முடியாது. கம்பெனி முதலாளி நவநீதகிருஷ்ணன் அவளை உடுப்புப் பெட்டிகளுக்குக் காவலாக வைத்தார். அந்த வருஷம்தான் அவருக்கு ஊமைப்படம் பிடிக்கும் ஆசை வந்தது. நாடகத்தைக் கலைத்தார், ஒரு படப்பெட்டியையும் அதைச் சுற்றத் தெரிந்த ஒரு பம்பாய்க்காரரையும் வரவழைத்தார். வருஷத்தில் பதினொரு மாதம் மேகமில்லாத ஊர் வேண்டும் என்று பம்பாய்க்காரர் கேட்டதால், கம்பெனி கருங்கண்மாய்க்கு வந்து, ரயிலடிக்குப் பின்னால் பஞ்சு மூட்டை அடுக்கிவந்த பழைய கிட்டங்கியில் இறங்கியது. பதினோராம் நாள் பம்பாய்க்காரருக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. போர்வையைப் போர்த்துக்கொண்டு ரயிலேறிய மனிதர் திரும்பி வரவில்லை.

பெட்டி மட்டும் மூன்று கால்மேல் நின்றுகொண்டிருந்தது. பத்து நாளும் பூரணம் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நொடிக்கு இரண்டு சுற்று என்று அவர் முணுமுணுத்து எண்ணியதை அவள் தாளமாக மாற்றித் தொடையில் தட்டிப் பார்த்திருந்தாள். முதலாளி பம்பாய்க்குத் தந்தி கொடுக்கப் போன நேரத்தில் அவள் பெட்டியைத் திறந்து, பல்சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, மூடி, சுற்றினாள். மெதுவாகச் சுற்றினால் திரையில் ஆட்கள் ஓடுவார்கள், வேகமாகச் சுற்றினால் தண்ணீருக்குள் நடப்பதுபோல மிதப்பார்கள் என்று யாரும் சொல்லாமலே ஒரு வாரத்தில் தெரிந்துகொண்டாள். பெட்டியை மாட்டுவண்டியில் ஏற்றி வண்டி நகர நகரப் பிடித்தாள். முகத்தை மட்டும் பிடித்தாள். காலும் கையும் எங்கே, முழு ஆளும் தெரிய வேண்டாமா என்று முதலாளி சத்தம் போட்டபோது, அழுகிறவள் காலாலா அழுகிறாள் என்று கேட்டாள். படச்சுருளை மரச்சட்டங்களில் சுற்றித் தொட்டிகளில் கழுவியதும், நிழலில் உலர்த்தியதும், வெட்டியதும், ஒட்டியதும் அவளே.

கதையும் அவளுடையது. வெயிலாள் என்றொரு பெண். மரமில்லாத பாதையோரம் நின்று, களைத்து வருகிறவர்களுக்குத் தன் நிழலைக் கிழித்துக் கிழித்துக் கொடுக்கிறாள்; உழவனுக்கு ஒரு முழம், பிள்ளைத்தாய்ச்சிக்கு இரண்டு முழம், செத்துக்கொண்டிருக்கும் ஒரு மாட்டுக்குக்கூட ஒரு சாண்; கடைசியில் நிழலே இல்லாமல் வெயிலோடு வெயிலாகிப் போகிறாள். இந்தக் கதைக்கு நீளமான நிழல் வேண்டும், நிறையப் பெண்களும் வேண்டும். நாடகக் கம்பெனி கலைந்தபோதே நடிகைகள் போய்விட்டார்கள். அதனால் பூரணம் கண்மாய்க் கரைக்குப் போய் அங்கே உட்கார்ந்திருந்த ஊர்ப்பெண்களைக் கேட்டாள். அவர்கள் தினமும் நாலு மணிக்கு அங்கே வருவார்கள். மத்தியானப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தபின், சாயங்காலத் தண்ணீருக்குக் குடம் எடுக்குமுன், அந்த ஒரு மணி நேரத்தில்தான் அவர்களை யாரும் கூப்பிடமாட்டார்கள். வெயிலாளாக நிற்க, பஞ்சு ஆலையில் தூசி உதறும் இருளாயியைத் தேர்ந்தெடுத்தாள். இரண்டு பிள்ளை பெற்ற, நெடுநெடுவென்று வளர்ந்த, யாரையும் நேராகப் பார்த்துப் பேசுகிற பெண் அவள். கறுத்த அவள் முகத்தில் அந்த நாலு மணி மஞ்சள் வெயில், எண்ணெய் தேய்த்ததுபோல வழுக்கிக்கொண்டு இறங்கியது.

இப்படிப் பத்தொன்பது நாள், நாலிலிருந்து ஐந்து வரைக்கும் பிடித்த படம் அது. எட்டுச் சுருளாக வெட்டி ஒட்டி முடித்து, படத்தின் தொடக்கத்தில் பெயர்கள் வரும் முதல் அட்டையை எழுதும்போது, படம் பிடித்தவர் பூரணம் என்று எழுதட்டுமா என்று முதலாளியைக் கேட்டாள். பொம்பளை பிடித்த படம் என்றால் கொட்டகைக்காரன் வேடிக்கை என்று நினைப்பான், அடுத்த படத்தில் பார்க்கலாம் என்றார் அவர். அட்டையில் நவநீதகிருஷ்ணன் என்று அவளே எழுதினாள், அவள் கையெழுத்துதான் அழகாக இருக்கும் என்பதால். எட்டுத் தகரப் பெட்டிகளோடு முதலாளி சென்னைக்கு ரயிலேறினார். அங்கே புதுப் படப்பெட்டி வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, பழையதையும் அவளையும் கிட்டங்கியில் விட்டுப்போனார். ஆளனுப்புகிறேன் என்றார். அனுப்பவில்லை.

அதற்குள் ஊர் தன் நாலு மணி இல்லாததோடு பழகத் தொடங்கியிருந்தது. முதல் நாள் அவரவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள்; இரண்டாம் நாள் கடிகாரத்தைத் திட்டினார்கள்; மூன்றாம் நாள், பொருள்களுக்கு நாலு மணி நடக்கிறது, மனிதர்களுக்குத்தான் நடக்கவில்லை என்று கண்டுகொண்டார்கள். மூன்று ஐம்பதுக்கு அடுப்பில் வைத்த பால் ஐந்து மணிக்குப் பொங்கி வழிந்து அடிபிடித்திருந்தது. ஒரு காலைத் தூக்கிய மனிதன் அதே காலை ஐந்து மணிக்குக் கீழே வைத்தான். நடுவில் அவனுடைய ஆடுகள் வீடு போய்ச் சேர்ந்திருந்தன. வெளியூரிலிருந்து எல்லையில் நின்று பார்த்தவர்கள், அந்த நேரத்தில் தெருவில் கோழி மேய்கிறது, கொடியில் சேலை ஆடுகிறது, புகைபோக்கியில் புகை போகிறது, ஆள் மட்டும் ஒருவரும் இல்லை என்றார்கள். சரி, அப்படித்தான் போலிருக்கிறது என்று கருங்கண்மாய்க்காரர்கள் மூன்றரைக்கே பாலை இறக்கிவைத்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் கடைசிப் பாடவேளை சரித்திரம். அது போயே போய்விட்டது, அந்த வருஷப் பிள்ளைகளுக்கு அசோகருக்குப் பிறகு யார் வந்தார் என்று இன்றைக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் நாலரைக்குத் தொடங்குவதால் அதில் மூன்றில் ஒரு பங்கு கழிந்தது என்று ஜோசியர் மகிழ்ச்சியோடு அறிவித்தார். பள்ளிவாசலில் ஹஜ்ரத் கிதாபுகளைப் புரட்டிவிட்டு, அஸர் தொழுகையைப் பாங்கு சொன்ன கையோடு மூன்று நாற்பதுக்கே முடித்துவிடலாம் என்றார். தினமும் நாலு மணிக்கு நடுக்கம் வரும் குளிர்காய்ச்சல்காரர்கள் ஏழு பேருக்கு, வருவதற்கு நேரம் இல்லாமல் காய்ச்சல் விட்டுப்போனது. பிரசவ வலி மூன்று ஐம்பத்தொன்பதில் நின்று ஐந்துக்குத் தொடர்ந்தது. அதற்குள் வெந்நீர் ஆறிப்போனதால், மருத்துவச்சி அதை மறுபடி கொதிக்கவைக்கப் பழகிக்கொண்டாள். ஸ்டேஷன் மாஸ்டர் தேவசகாயம் மட்டும் தன் புத்தகத்தில் தினமும் ஒரே வரியை எழுதினார்: நாலு இருபது பாசஞ்சர் வெளிச் சிக்னலில் நின்று ஐந்துக்கு வந்தது; காரணம், கைகாட்டியை இறக்க நாலு இருபது இல்லை.

ஊர் இப்படித் தன்னைத் திருத்திக்கொண்டபோது, ஒருவரும் பார்க்காத ஓரிடத்தில் அது கிழிந்துகொண்டிருந்தது. பூரணம்தான் அதை முதலில் பார்த்தாள், முகங்களைப் பார்ப்பதே அவள் வேலையாக இருந்ததால். கண்மாய்க் கரையில் இப்போது பெண்கள் இல்லை. மல்லிகை தொடுக்கப்படாமல் உதிரியாக வாழையிலையில் கட்டி விற்றது. கல்யாணப் பெண்கள் உதிரிப்பூவை மடியில் கொட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தார்கள். தலை பின்னிக்கொள்ளாத பெண்கள், பேன் பார்த்துக்கொள்ளாத பிள்ளைகள், ஒருத்தியிடம் சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும் சின்னச் சின்னத் துக்கங்களைத் தொண்டையில் வைத்துக்கொண்டு குடம் தூக்குகிற மருமகள்கள். மத்தியானத்தின் கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்த்த கை நேராகச் சாயங்காலத்தின் முதல் குடத்தின்மேல் விழுந்தது. ஆண்களுக்குத் தொலைந்தது ஒரு மணி நேரம். அவர்களுக்குத் தொலைந்தது இருந்த ஒரே மணி நேரம்.

ஒரு நாள் இருளாயி ஆலையிலிருந்து திரும்பும் வழியில் கிட்டங்கி வாசலில் நின்றாள். கண்ணுக்குக் கீழே கன்னிப்போயிருந்தது. உடம்புக்கு என்ன என்று பூரணம் கேட்டாள்.

“உடம்புக்கு ஒண்ணுமில்ல தாயி. அந்த நேரத்துல நான் பெருசா எதுவும் செஞ்சதில்ல, கரையில உக்காந்து தண்ணியப் பாப்பேன், அவ்வளவுதான். இப்ப யோசிச்சா, அந்த ஒண்ணுமில்லாததுலதான் நான் இருந்துருக்கேன்.”

அன்றைக்குப் பூரணம் சாப்பிடவில்லை. பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, பத்தொன்பது நாளும் தான் என்ன செய்தோம் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். வெயில் நன்றாக விழ வேண்டும், முகம் நன்றாகத் தெரிய வேண்டும், ஒரு இமைப்பும் தவறக்கூடாது என்று அவள் ஆசைப்பட்டது நினைவுக்கு வந்தது. இத்தனை ஆசையோடு வேறு யாரும் எந்த நேரத்தையும் பார்த்திருக்கமாட்டார்கள், அந்த ஆசையோடுதான் நாலு மணி பெட்டிக்குள் போய்விட்டது என்று தோன்றியது. தோன்றியதை யாரிடமும் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை.

சொன்னவர் ரங்கூனில் ஜவுளிக்கடை வைத்திருந்த காசிம் ராவுத்தர். ஒரு வருஷத்துக்குப் பிறகு ஊர் வந்தவர், காப்பி கிளப்பில் உட்கார்ந்து, நம்ம ஊர் நாலு மணி ரங்கூனில் இருக்கிறது என்றார். அங்கே ஒரு கொட்டகையில் காலைக் காட்சிக்குப் போனாராம். திரையில் வெயிலாள் என்று ஒரு படம் ஓட ஓட, கொட்டகைக்குள் கண்மாய்த் தண்ணீர் வாசம் வந்ததாம். பர்மாக்காரர்கள், சீனர்கள், செட்டியார் கடைப் பையன்கள் எல்லோரும் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டு, ஒருவர் தலையை ஒருவர் கோதிவிட்டுக்கொண்டு, வெளியே வரும்போது ஒரு மணி நேரம் கூடுதலாக வாழ்ந்தவர்கள்போல இருந்தார்களாம். அந்தத் திரையில் தம் சொந்த மனைவி கரையில் சும்மா உட்கார்ந்து சிரிப்பதைக் கண்டு ராவுத்தர் அழுதிருக்கிறார். அவள் சிரித்து அவர் பார்த்ததில்லை. படம் பிடித்தவர் யார் என்று காப்பி கிளப்பில் கேட்டார்கள். நவநீதகிருஷ்ணன் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, ஒளியைக் கட்டியாண்டவர் என்று பேப்பர்க்காரர்கள் புகழ்கிறார்கள், கொழும்பில் தங்கப் பதக்கம் போட்டார்கள் என்றார் ராவுத்தர்.

அதே வாரம் ரயில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. தினமும் நாற்பது நிமிஷம் வெளிச் சிக்னலில் காத்திருக்கப் பாசஞ்சரால் முடியாது, நாலு மணி இல்லாத ஊரில் இரண்டு மாதத்துக்குப் பிறகு வண்டி நிற்காது என்று எழுதியிருந்தது. தொடுக்காத பூவுக்கும் பின்னாத தலைக்கும் கூடாத ஊர், ரயிலுக்குக் கூடியது. நவநீதகிருஷ்ணன் என்பவர் எங்கள் ஊர் நாலு மணியை அனுமதியில்லாமல் படம் பிடித்துக் கொண்டுபோய்விட்டார், மீட்டுத் தர வேண்டும் என்று அறுநூறு கையெழுத்தோடு டிப்டி கலெக்டருக்கு மனு போனது.

விசாரணை பயணியர் பங்களாவில் காலை பதினொரு மணிக்குத் தொடங்கியது. வராந்தாவும் முற்றமும் நிறைந்து, வேப்பமரத்தடி வரைக்கும் ஆள். நவநீதகிருஷ்ணன் ஜரிகைத் தலைப்பாகையும் பதக்கமுமாக வந்தார். கெட்டிக்காரர், மனுவை வாசிக்கக் கேட்டதும் பதக்கத்தைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். படம் பிடித்தவர் நீர்தானே என்று டிப்டி கலெக்டர் கேட்டபோது, அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

“நான் அந்தப் பெட்டியைத் தொட்டதே இல்லை. எனக்குச் சுற்றவும் தெரியாது, கழுவவும் தெரியாது. கதையிலிருந்து கடைசி ஒட்டு வரைக்கும் எல்லாம் பூரணம் என்கிற பெண்பிள்ளை செய்தது. என் பேரை அட்டையில் எழுதியதுகூட அவள் கைதான்.”

குமாஸ்தா அதை வார்த்தை பிசகாமல் எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினார். பூரணத்தைக் கூப்பிட்டார்கள். கூட்டம் வழிவிட்டது. இந்தக் காரியத்தைச் செய்தவர் யாரோ அவர் ஊரின் நஷ்டத்துக்கெல்லாம் பொறுப்பு, சிறைக்கும் போக நேரலாம், அதனால் யோசித்துப் பதில் சொல் என்று டிப்டி கலெக்டர் இரக்கத்தோடுதான் சொன்னார். ஒரு பெண்பிள்ளை இதைச் செய்திருக்க முடியாது என்று அவர் நம்பினார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகும் என்பது பூரணத்துக்கும் புரிந்தது. வராந்தாத் தூணுக்கு அப்பால் இருளாயி நின்றிருந்தாள், பஞ்சுத் தூசி அப்பிய தலையோடு. பூரணத்துக்குப் பயமாக இருந்தது. அதைவிட அதிகமாக, நெடுநாள் மடக்கிவைத்த காலை நீட்டுவதுபோல இருந்தது.

“ஆமாங்கய்யா. நான்தான் பிடிச்சேன்.”

எப்படிப் பிடித்தாய் என்று கேட்டார். அவள் சொல்லத் தொடங்கினாள். முதல் சுருள், முதல் துண்டு, கிழக்கே பார்த்த கரை, பெட்டி வண்டிமேல், இருளாயி குனிந்து நிழலின் ஓரத்தைத் தொடுகிறாள்; இரண்டாம் துண்டு, விரல்கள் மட்டும்; மூன்றாம் துண்டு, கந்தல் கிழிவதுபோல மண்மேல் நிழல் கிழிகிறது, அதற்காகக் கரையில் கறுப்புச் சேலையை விரித்து இழுத்தது. எந்தத் துண்டில் யார் நின்றாள், யார் சிரித்தாள், எவள் கைப்பிள்ளை அழுது காட்சியைக் கெடுத்தது, அந்த அழுகையையே எப்படிப் பிறகு சேர்த்துக்கொண்டாள், எல்லாவற்றையும் பெயர் சொல்லி, அந்தக் கரகரத்த குரலில், தண்ணீர் குடித்துக் குடித்துச் சொன்னாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு யாரும் எழுந்திருக்கவில்லை. ஆறாவது சுருளில் “அவள் திரும்பிப் பார்க்கும்போது” என்று அவள் சொல்லுகையில் மூன்று ஐம்பத்தொன்பது ஆயிற்று. “கண்ணில் என் உருவம் விழுந்திருந்தது, அதை நான் வெட்டவில்லை” என்று ஐந்து மணிக்கு முடித்தாள். குமாஸ்தா எழுதிய வாக்குமூலம் எண்பத்திரண்டு பக்கம் வந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பூரணம், படம் பிடித்தவள் என்று கையெழுத்து வாங்கினார்கள், அது குற்றவாளியை அடையாளம் காட்டுவதற்காக.

படத்தை வரவழைத்து, எந்த வழியிலாவது ஊருக்கு நாலு மணியைத் திருப்பித் தரவேண்டியது பூரணம் பொறுப்பு என்று உத்தரவானது. ரங்கூனிலிருந்து கப்பலிலும் பிறகு அதே பாசஞ்சரிலுமாக எட்டுத் தகரப் பெட்டிகள் வந்து சேர்ந்தன. முதலாளியும் அவற்றோடு வந்தார், படம் தம்முடையது என்ற நினைப்பு அவருக்கு இன்னும் போகவில்லை. திரையிட்டுப் பார்ப்போம் என்று சந்தைத் திடலில் கூடாரம் கட்டினார்கள். மூன்று ஐம்பத்தொன்பதுக்குப் பூரணம் காட்சிப்பெட்டியின் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினாள். கூடாரத்துக்குள் உட்கார்ந்திருந்த இருநூறு பேருக்கு நாலு மணி வந்தது. தாராளமாக, மஞ்சளாக, தண்ணீர் வாசத்தோடு வந்தது. கூடாரத்துக்கு வெளியே நின்றவர்களுக்கு எப்போதும்போல ஐந்து மணி ஆனது.

படம் முடிந்து கூடார வாசல் துணியை விலக்கியபோது பூரணம் உள்ளே இருந்தவர்களைப் பார்த்தாள். முன்வரிசையில் நாற்காலி போட்டு ஊர்ப் பெரியவர்கள், அடுத்து ஆலை முதலாளியின் உறவினர்கள், தாலுகா கச்சேரிக்காரர்கள், பாய் விரித்து மற்ற ஆண்கள். நாளையிலிருந்து யார் யார் எந்த இடத்தில் உட்காருவது என்று அப்போதே பேச்சு எழுந்துவிட்டது. படத்தில் இருந்த பெண்களில் ஒருத்திகூட உள்ளே இல்லை. கூடாரத் துணிக்கு வெளியே குடத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள், அவர்களுக்கு ஐந்து மணியாகியிருந்தது.

மறுநாள் காலை அவள் அந்தப் பெண்களின் வீடு வீடாகப் போனாள். படத்தை அழித்தால்தான் நேரம் வெளியே வரும், சலவைக்காரம் கரைத்த சூடான தண்ணீரில் போட்டால் உருவமெல்லாம் கரைந்து வெறும் கண்ணாடிபோல ஆகிவிடும், உங்கள் முகமும் போய்விடும், சம்மதமா என்று கேட்டாள். ஒவ்வொருத்தியும் சம்மதித்தாள். இருளாயி மட்டும் அடுப்பிலிருந்து கொள்ளியை வெளியே இழுத்து, தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

“அழிச்சுட்டா உங்கிட்ட என்ன தாயி இருக்கும்?”

“சுத்தத் தெரியுமே, இருளாயி.”

முதலாளி டிப்டி கலெக்டரிடம் ஓடினார். என் படத்தை அழிக்க விடாதீர்கள் என்று கேட்டார். கலெக்டர் விசாரணைக் காகிதக் கட்டைப் பிரித்து, தொட்டதே இல்லை என்று முதலாளி கையெழுத்துப் போட்ட பக்கத்தை எடுத்து அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். முதலாளி தம் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

அன்று மூன்று மணிக்கு, கண்மாய்க் கரையில் வெள்ளாவிக்காரர்கள் தங்கள் பெரிய தாழியை ஏற்றி, காரம் கரைத்துக் கொதிக்கவிட்டார்கள். ஊர் கரை நெடுக நின்றது. பூரணம் எட்டுச் சுருளையும் ஒவ்வொன்றாக அவிழ்த்து, வெயிலுக்கு நேரே பிடித்து ஒருமுறை பார்த்து, தாழிக்குள் இறக்கினாள். யாராவது பிடுங்கிக்கொள்ள மாட்டார்களா என்று ஒரு நிமிஷம் எதிர்பார்த்ததை அவள் பிற்பாடு ஒப்புக்கொண்டாள். மரக்கரண்டியால் கிளறக் கிளறத் தண்ணீர் முதலில் சாம்பலானது, பிறகு கறுத்தது, பிறகு, கடைசிச் சுருள் வெளுத்துப் போனபோது, பழுத்த எலுமிச்சையின் நிறமானது. தாழியைக் கண்மாயில் கவிழ்த்தார்கள். ஸ்டேஷன் கடிகாரத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வந்திருந்த தேவசகாயம் நிமிர்ந்து, நாலு என்றார்.

வந்தது ஒரு நாளின் நாலு மணி மட்டும் அல்ல. படம் பிடித்து முடித்த நாளிலிருந்து அன்றுவரைக்கும் தொலைந்திருந்த நானூற்றுப் பதினொரு நாலு மணிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்மாயிலிருந்து ஏறி வந்தன. பொருள்கள் தங்கள் பங்கை முன்பே வாழ்ந்துவிட்டதால் இப்போது அவை அசையாமல் நின்றன. அடுப்பிலிருந்த பால் விளிம்புவரை வந்து நின்றது, பொங்கவில்லை. சூரியன் பனங்காடுகளுக்கு மேல் ஒரு முழ உயரத்தில் நின்றது. பாசஞ்சர் வண்டி வெளிச் சிக்னலில் புகையைத் தலைமேல் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றது. மனிதர்கள் மட்டும் வாழ்ந்தார்கள், பதினேழு நாள் அளவுக்கு நீண்ட ஒரே சாயங்கால வெயிலில். பசி எடுக்காததால் யாருக்கும் சமைக்கவேண்டி வரவில்லை. குடத்தில் மொண்ட தண்ணீர் குடத்திலேயே இருந்தது, வீடு கூட்டினால் மறுபடி குப்பை சேரவில்லை. ஆண்கள் முதலில் பொறுமையிழந்தார்கள், பிறகு சீட்டாடினார்கள், பிறகு ஒவ்வொருவராகக் கரைக்கு வந்து, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். காசிம் ராவுத்தர் தம் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் தண்ணீரைப் பார்த்தாள், அவரும் தண்ணீரைப் பார்த்தார்.

மல்லிகை தொடுக்கப்பட்டது. தலைகள் பின்னப்பட்டன, அவிழ்க்கப்பட்டன, மறுபடி பின்னப்பட்டன. ஒரு வருஷத்துத் துக்கங்கள் நிதானமாகச் சொல்லப்பட்டு முடிந்தன. மூன்று பிள்ளைகள் பிறந்தன. வெளுத்துப்போன படச்சுருளைப் பெண்கள் துண்டு துண்டாக நறுக்கிக் குழந்தைகளுக்கு வளையல் பண்ணினார்கள். பூரணம் அதைத் தடுக்கவில்லை, வாங்கித் தானும் ஒன்று போட்டுக்கொண்டாள். எல்லாம் தீர்ந்து, சொல்லவும் ஒன்றுமில்லாமல் போனபிறகு, இருளாயி எழுந்து கிட்டங்கிக்குப் போய், மூன்று காலையும் தோளில் சாத்திப் படப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து கரையில் நட்டாள்.

பூரணம் சிரித்துக்கொண்டே, உள்ளே சுருள் இல்லை என்றாள். அது எங்களுக்குத் தெரியும் என்றார்கள். அவள் சுற்றினாள். பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பெட்டியின் முன்னால் நடந்துபோனார்கள். இந்தத் தடவை யாரும் நிழலைக் கிழிக்கவில்லை, யாரும் எதையும் கொடுக்கவில்லை, தோன்றியதைச் செய்தார்கள், ஒருத்தி கொட்டாவி விட்டாள், ஒருத்தி தன் மாமியாரைப்போல நடந்து காட்டினாள். எல்லோரும் போய் முடிந்தபின் இருளாயி வந்து, பூரணத்தின் கையைக் கைப்பிடியிலிருந்து விரல் விரலாகப் பிரித்து எடுத்தாள்.

“நீ போய் நில்லு. எத்தனை சுத்து?”

“நொடிக்கு ரெண்டு.”

பூரணம் போய் நின்றாள். பதினாறு வருஷம் மேடையில் நின்றவளுக்கு, படப்பெட்டியின் அந்தப் பக்கம் எப்படி நிற்பது என்று தெரியவில்லை. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள், பிறகு அதைப் பிடித்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கீழே தொங்கவிட்டாள். இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம், மூஞ்சியில் வெயில் விழட்டும் என்றாள் இருளாயி. பூரணம் ஓரடி நகர்ந்தாள். வெயில் அவள் நெற்றியில் ஏறியது. பெட்டி கடகடவென்று ஓடியது, கரை முழுக்க உட்கார்ந்திருந்த பெண்கள் அவளைப் பார்த்தார்கள்.

அப்போது பனைகளின் நிழல் ஒரு விரற்கடை நகர்ந்தது. யாருடைய வீட்டிலோ பால் பொங்கி அடுப்பில் சுரீரென்று விழுந்தது. வெளிச் சிக்னலில் பாசஞ்சர் ஊதியது. தேவசகாயம் கடிகாரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஸ்டேஷனைப் பார்த்து ஓடினார். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்கள். பூரணமும் நகரப் போனாள்.

“இரு, முடியல,” என்றாள் இருளாயி, கையை நிறுத்தாமல்.